எதிர்க்கேள்வி

மேசையின் கால் மடங்கி, தூக்குச்சட்டி தரைக்கு இறங்கி, சிமெண்டைப் பெயர்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கிரேனாப் வாசலில் மிக்கேலம்மாளின் மீன்கூடைக்கு முன்னால் குந்தி, சாளையின் செவுளைத் தூக்கிப் பார்த்து, இது நேற்றைய மீன் என்று சாதித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து மீனா? இப்பதான் தோணியில இருந்து எறங்குது. ஓங்கண்ணுதான் நேத்துக் கண்ணு" என்றாள் மிக்கேலம்மாள். பிறகு சத்தம் வந்த பக்கம் தலையை நீட்டினாள். "உள்ள என்னமோ விழுந்துட்டு. போய்ப் பாருளா."

கிரேனாப் போய்ப் பார்த்தாள். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் ஏலத்துக்காகப் படம் எடுத்து வரிசையாக வைத்திருந்த சுவர்க்கடிகாரமும் இஸ்திரிப் பெட்டியும் சரிந்து கிடந்தன. தூக்குச்சட்டி மட்டும் சரியவில்லை. நேரே இறங்கி, ஒரு விரல் ஆழத்துக்குத் தரையை நொறுக்கிக்கொண்டு, மூடிகூட நெகிழாமல் நிமிர்ந்து இருந்தது. பிடியைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். மிக்கேலம்மாளும் வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடவே இழுத்தாள். அசையவில்லை.

"உள்ள என்ன வச்சிருக்க?"

மூடியைத் திறந்து காட்டினாள். வெற்றுச்சட்டி. அடியில் எத்தனை தேய்த்தும் போகாத உப்பின் வெள்ளைப் பூப்பு மட்டும் இருந்தது.

"இந்தச் சட்டியத்தான் போன வாரம் எங்கிட்டக் குடுன்னேன். ஏலத்துல கேட்டுக்கன்னு சொல்லிட்ட. இப்பப் பாரு, யாருக்கும் இல்லாம உக்காந்துட்டு" என்று சொல்லிவிட்டு மிக்கேலம்மாள் தன் கூடையை நோக்கிப் போனாள். காக்காய்க்கு முன்னால் கூடையை விட்டு வந்தவள் வேறு எதற்கும் அதிக நேரம் ஒதுக்க முடியாது.

அப்போது கோயம்புத்தூரில் இருந்து மகள் ஷைனி கூப்பிட்டாள். "ம்மா, ஆப் ஏலத்துல தூக்குச்சட்டியக் காலைல ஒருத்தர் கேட்டிருந்தாரு. இப்ப இன்னொருத்தர் எதிர்த்துக் கேட்டிருக்காங்க."

"எதிர்த்தா?"

"ஆமாம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஒரே ஆளு ரெண்டு தடவ கேட்டிருப்பான்."

"இல்லம்மா. வேற ஆள். வேற பேரு."

கிரேனாப் போனை வைத்துவிட்டு மீன் வாங்குவதை மறந்தாள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுத்துகிற சேலையை உடுத்திக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துத் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் போட்டு, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

தேவநேசபுரத்தில் அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம்தான். வாழைத்தாரும் முருங்கைக்காயும் கருப்பட்டிச் சிப்பமும் கோழியும் கிடாயும் ஆலயத்து முற்றத்தில் வந்து இறங்கும், உபதேசியார் மேசைமேல் ஏறி நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார், கூட்டம் கேட்கும், கேட்டவனை எதிர்த்து இன்னொருவன் கேட்பான், அவனை எதிர்த்து வேறொருவன். ஒரு பூசணிக்காய்க்கு அந்த ஊரில் கொடுக்கப்பட்ட விலை பூசணிக்காயின் விலை அல்ல, அதைக் கொண்டுவந்த வீட்டின் விலை என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ஏலத்தில் எடுத்தவன் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகவும் மாட்டான். "ஆலயத்துக்கே" என்று கையை உயர்த்திச் சொல்லித் திருப்பிக் கொடுப்பான், அது மறுபடி ஏலத்துக்கு வரும், மறுபடி எதிர்த்துக் கேட்பார்கள், ஒரு வருடம் பெரிய வீட்டுச் சேவல் அப்படி விலைபோய் விலைபோய்க் கடைசியில் உபதேசியாரின் கையிலேயே களைத்து உயிர்விட்டதும் உண்டு. இப்படி எதிர்த்துக் கேட்பதற்கு அவ்வூரில் எதிர்க்கேள்வி என்று பெயர். எதிர்க்கேள்வி விழுந்த வீட்டார் அடுத்த அறுப்பு வரைக்கும் தலை நிமிர்ந்து நடப்பார்கள்.

கிரேனாப்பின் கணவன் ஞானதாஸ் உப்பளத்தில் வேலை பார்த்தவன். அவனிடம் வாழையும் இல்லை, முருங்கையும் இல்லை. ஆகவே வருடாவருடம் ஒரு மூட்டை உப்பைத் தோளில் சுமந்து, வெள்ளைச் சட்டையோடு வந்து, மற்றவர்களின் காணிக்கைக்குப் பக்கத்தில் இறக்கி வைப்பான். "உப்பு மூட்டை, ஒரு தரம்" என்பார் உபதேசியார். "உப்பை எவம்ல ஏலத்துல கேப்பான், கடலையும் கூடவே விடுங்க" என்று யாராவது சொல்ல, முற்றமே சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்கு முன்னால் பெரிய வீட்டுப் பாக்கியநாதன் முன்வரிசையில் இருந்தபடி ஒரு விரலைத் தூக்குவார். "நம்ம தென்னைக்குப் போடலாம்." அவ்வளவுதான், மூன்று தரமும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். அன்றைக்கு ஞானதாஸ் வீட்டில் சாப்பிட மாட்டான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

"வாங்க வேண்டாம் கிரேனாப்பு. எவனாவது ஒருத்தன் எதிர்த்துக் கேட்டாப் போதும்."

இதைச் சொல்லிச் சொல்லியே அவன் வயதானான், சொல்லிக்கொண்டே செத்தும் போனான். அதற்கு அடுத்த அறுப்புக்குக் கிரேனாப் தானே மூட்டையைக் கொண்டுபோனாள். அதே சிரிப்பு, அதே விரல். பிறகு அவள் கொண்டுபோகவில்லை.

இப்போது ஷைனி தன் வீட்டில் அம்மாவுக்கு ஓர் அறையை ஒதுக்கிவிட்டாள். இந்த வீட்டை வேறொருவருக்கு ஒப்படைக்கப் பேச்சு முடிந்துவிட்டது. லாரியில் ஏற்ற முடியாத, எறியவும் மனம் வராத சாமான்களைப் பழைய பொருள்களை ஏலம் விடுகிற ஆப்பில் போட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று ஷைனிதான் சொன்னாள். ஞானதாஸ் உப்பளத்துக்குச் சோறு கொண்டுபோன தூக்குச்சட்டியைப் படம் எடுக்கும்போது, "இத யாரு கேக்கப் போறா" என்று கிரேனாப்பே சொல்லியிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டது. நாள் முழுக்க உப்பு மூட்டை சுமக்கிற சேர்மத்துரை, "நகருங்கக்கா, இதெல்லாம் ஒரு கனமா" என்று குனிந்து பிடியைப் பற்றினான். நிமிர்ந்தபோது அவன் கைலி அவிழ்ந்திருந்தது, சட்டி இருந்த இடத்தில் இருந்தது.

"தூக்குச்சட்டின்னு பேர வச்சவன் எவன்? அவனக் கூப்பிடுங்க, அவன் தூக்கட்டும்" என்றான்.

பிரின்ஸ் வாத்தியார் ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பிப் பார்த்தார், கடப்பாரை வளைந்தது, அதை நிமிர்த்தித் தருவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். சபைப் போதகரான ஐயர் வந்து, தேத்தண்ணீர் குடித்து, மூடியை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, "கேள்வி ஏறினால் கனம் ஏறத்தானே செய்யும்? மதிச்சுக் கனம்பண்ணுறது, கனம்பண்ணுறதுன்னு வாரம் தவறாமல் சொல்லிட்டு இருக்கோம். அது வேற என்னன்னு நினைச்சீங்க?" என்றார். அதற்குப் பிறகு தேவநேசபுரத்தில் யாரும் அது ஏன் என்று கேட்கவில்லை. எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

பிறகு அந்த ஊரில் பரணில் கிடந்ததெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது, கட்டிலடியில் கிடந்ததெல்லாம் துடைக்கப்பட்டது, கால் ஒடிந்த தையல் மெஷினும் கண்ணாடி போன பீரோவும் மணி அடிக்காத கடிகாரமும் பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டன. அதே தெரு ஜெயசீலியின் பழைய ரேடியோவில் இருந்த ஒரு திருகுக்காக ஈரோட்டில் முன்பின் தெரியாத ஒருவர் மூன்று நாள் விடாமல் கேட்க, அது நாளுக்கு நாள் கனத்து, சுவரில் அறைந்த பலகையைப் பிளந்துகொண்டு இறங்கியது. ஜெயசீலி தெரு முழுவதற்கும் லட்டு கொடுத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள், நகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "உங்க வீட்டுல கனமா என்ன இருக்கு?" என்று கேட்கலானார்கள். கொத்தனார்களுக்கு ஓய்வில்லை. விரிசல் விழாத தரை உள்ள வீட்டுக்காரர்கள் பாயை விரித்து அதை மறைத்தார்கள்.

பெரிய வீட்டிலும் வெள்ளிப் பன்னீர்ச்செம்பை ஏலத்தில் விட்டார்கள். சென்னையிலும் மஸ்கட்டிலும் இருந்த சொந்தங்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்துக் கேட்டார்கள், விலை ஏறியது, ஆனால் செம்பு நாளுக்கு நாள் இலேசாகி, ஒருநாள் மின்விசிறிக் காற்றுக்கு மேசையை விட்டு எழும்ப, காவல்காரர் பாய்ந்து பிடித்து அதற்குள் ஒரு கல்லைப் போட்டு வைத்தார். வாயால் கேட்பதற்குக் கனம் கிடையாது, வேண்டிக் கேட்பதற்குத்தான் உண்டு என்று ஊர் அதில் இருந்து தெரிந்துகொண்டது. தெரிந்துகொண்டதைப் பெரிய வீட்டார் காதுபடப் பேசவில்லை. மற்ற எல்லா இடத்திலும் பேசியது.

தூக்குச்சட்டிக்கோ கேள்வி ஓயவில்லை. முதல் ஏலம் முடிந்தபோது ஜெயித்தவர் மும்பையில் இருக்கும் தேவநேசபுரத்துக்காரர். அதற்கு அடுத்த நாள் ஆப்காரர்களின் அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் பேசினாள்.

"மேடம், ஜெயிச்சவர் டெலிவரி அட்ரஸ் போடுற இடத்துல ஆலயத்துக்கேன்னு போட்டிருக்காரு. எந்த ஆலயம் மேடம்? பின்கோடு இல்ல."

"அது அட்ரஸ் இல்லம்மா. திரும்ப ஏலத்துல விடுன்னு அர்த்தம்."

"பணம் கட்டிட்டாரே."

"கட்டட்டும். அத இங்க கோயிலுக்கு அனுப்பிட்டேன்."

"அப்ப பொருள் அவருக்கு வேண்டாமா?"

"வேண்டாம்னு யாரு சொன்னா? பொருளுக்குச் செய்யற மரியாதைம்மா அது."

"எங்க ஊர்ல கோயில் எலுமிச்சம்பழத்த இப்படித்தான் விலைக்கு மேல விலையா கேப்பாங்க" என்றாள் அந்தப் பெண். "சரிங்கம்மா, மறுபடி போட்டுடறேன்." மேடம் அம்மாவானதைக் கிரேனாப் கவனித்துக்கொண்டாள்.

மறுபடி போட்டார்கள், மறுபடி கேட்டார்கள், ஜெயித்தவர் மறுபடி ஆலயத்துக்கே என்றார், அதற்கு அடுத்தவரும் அப்படியே சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும் தூக்குச்சட்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. அடி மறைந்தது, ஞானதாஸ் ஒருமுறை வரப்பில் வழுக்கி விழுந்தபோது உண்டான நெளிசல் மறைந்தது, கடைசியில் மூடியும் பிடியும் மட்டும் தரைக்கு மேலே தெரிந்தன. வீடு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. மிகவும் சாயவில்லை, ஆனால் சமையலறையில் ஓர் எலுமிச்சம்பழம் கைதவறி விழுந்தால் அது கதவைத் தாண்டி உருண்டு வந்து சட்டியின் பக்கத்தில் நிற்கும். தினமும் வந்து பார்க்கிறவர்கள் நாற்காலியைச் சுவரோடு அணைத்துப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்கள். கிரேனாப் வெளுத்த சேலை கட்டி, தலைவாரி, நடுவில் உட்கார்ந்து அவர்களை வரவேற்றாள். யார் எவ்வளவு கேட்டார்கள் என்று அவள் சொல்வதில்லை. "எதிர்த்துக் கேட்டிருக்காங்க" என்று மட்டும் சொல்வாள்.

"எப்பம்மா வாறே? வீட்ட ஒப்படைக்கணும்" என்றாள் ஷைனி.

"நம்ம பொருள நாலு பேரு கேட்டுட்டு இருக்கும்போது எந்திரிச்சுப் போறது மரியாதை இல்ல."

ஒரு காலையில் பெரிய வீட்டுக் கார் வந்து நின்றது. சென்னையில் மகனோடு இருக்கும் பாக்கியநாதன் கைத்தடியோடு இறங்கினார். அவர் வருவதைப் பார்த்துத் தெருவும் கூடவே உள்ளே வந்தது.

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். நாற்காலி மெதுவாகச் சறுக்கி அவரைச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டது. அவர் தரையில் தெரிந்த மூடியைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார், சொந்தத் தோட்டத்துத் தேங்காயைத் தட்டுவதுபோல.

"கிரேனாப், ஒரு விஷயம். இத முதன்முதல்ல கேட்டது நான்தான். ஆப்ல வேற பேர்ல இருக்கேன். ஒவ்வொரு ஏலத்துலயும் நான் கேட்டிருக்கேன். ஞானதாஸ் பாவம், நல்ல மனுசன். இத்தனை வருசம் கழிச்சாவது அவனுக்கு ஒரு மரியாதை இருக்கட்டும்னுதான் ஏத்திவிட்டேன்."

ஜெயசீலி தன் கால்விரலைப் பார்த்தாள். கிரேனாப்பின் முகத்தில் இத்தனை நாளாக இருந்த நிமிர்வு, துணியை இழுத்ததுபோல, போயிற்று.

"அப்ப இந்தக் கனம்?"

"நம்ம போட்டதுதான்."

நம்ம தென்னைக்குப் போடலாம் என்று சொன்ன அதே குரல். கிரேனாப் எழுந்து நின்றாள்.

"அப்படின்னா எடுத்துருங்க அண்ணாச்சி."

"எத?"

"நீங்க போட்டத. ஒங்க கேள்விய எல்லாம் வாபஸ் வாங்கிருங்க. இப்பவே, எல்லாரும் இருக்கும்போதே."

"நான் நல்லதுக்குச் சொல்லுதேன். கேள்விய எடுத்துட்டா சட்டி தூசி மாதிரி ஆயிரும். ஊருக்கு முன்னால எதுக்கு..."

"பறந்தா பறக்கட்டும். எங்க வீட்டுக்காரரு எதிர்த்துக் கேக்கத்தான் ஆளு வேணும்னாரு. பாவம்னு கேக்க ஆளு வேணும்னு சொல்லல. அதுக்குத்தான் வருசாவருசம் நீங்க இருந்தீங்களே."

பாக்கியநாதன் சட்டைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, போனைத் தூரத்தில் பிடித்து, ஒவ்வொன்றாக அமுக்கினார். சேர்மத்துரை தன்னை அறியாமல் சட்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தான், பறந்து கூரையில் போய் முட்டிவிடக் கூடாது என்று. கிரேனாப் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சமையலறையில் இருந்து ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு வந்தது. கதவைத் தாண்டியது, பாக்கியநாதனின் கைத்தடியைச் சுற்றிக்கொண்டு போனது, எப்போதும் நிற்கிற இடத்தில், சட்டியின் பக்கத்தில் வந்து நின்றது.

சேர்மத்துரை கையை எடுத்தான். பிடியைப் பற்றி இழுத்தான். முக்கி இழுத்தான். "அண்ணாச்சி, சரியா அமுக்குனீங்களா? இதுல ஒரு இம்மி கொறையல."

ஒருவர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. ஆலயத்து முற்றத்தில் சிரித்த அதே சிரிப்புதான், இந்த முறை வேறு பக்கம் போய் விழுந்தது.

"அப்ப இத எதிர்த்துக் கேட்டது யாரு?" என்றார் பாக்கியநாதன். அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"வீட்டுல சாவா, கலியாணமா? வாசல அடைச்சுக்கிட்டு நிக்கீங்க" என்று வெளியே இருந்து சத்தம் வந்தது. "ஏளா கிரேனாப்பு, மீனு வேணுமா வேண்டாமா? எத்தன நேரம் நிக்கது?"

கூட்டம் விலகியது. மிக்கேலம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள். சேர்மத்துரை விஷயத்தைச் சொன்னான்.

"யாரு கேட்டதா? நாந்தான். மருமவன விட்டு அவன் போன்ல கேக்கச் சொன்னேன். நீதான ஏலத்துல கேளுன்ன? கேட்டேன். ஒவ்வொரு தடவயும் எவனாவது மேல கேட்டுப்புட்டு, ஆலயத்துக்கே, ஆலயத்துக்கேன்னு திருப்பி விட்டுடுதான். வேண்டாதவன் எதுக்குக் கேக்கான்? நானும் விடாமக் கேட்டுக்கிட்டே இருக்கேன். மருமவன் போன மறைச்சு வைக்க ஆரம்பிச்சிட்டான்."

"ஒனக்கு எதுக்கு இந்தச் சட்டி?" என்றாள் கிரேனாப்.

"எதுக்கா? ஒம் புருசன் இதுலதான எனக்கு உப்புக் குடுப்பாரு. சோறு தின்னுட்டு, கழுவி, வரும்போது உப்ப அள்ளிட்டு வருவாரு. மீனு மீந்த அன்னைக்கெல்லாம் பாலத்தடியில நின்னு கேப்பேன். அந்த உப்பு இல்லன்னா எங்க கருவாடு ஊரு நாறிருக்கும்."

"கேப்பியா?"

"கேக்காம? நான் மட்டுமா? வியாகுலமேரியும் வந்து நிப்பா. எனக்குத்தான்னு நான் சொல்ல, இல்ல எனக்குன்னு அவ சொல்ல, ஒருநா இந்தப் பிடிய ஆளுக்கொரு பக்கம் இழுத்து, முடியப் பிடிச்சு, ரெண்டு பேரும் மண்ணுல உருண்டோம். அவரு கைய உதறிக்கிட்டு நிக்காரு, சண்ட போடாதீங்கம்மா, நாளைக்கு ரெண்டு நட கொண்டாரேன்னு."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொல்லுததுக்கு என்ன இருக்கு? உப்புக் கேட்டோம், குடுத்தாரு."

கிரேனாப் சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். துடைத்து முடித்தபோது, பழைய நிமிர்வு மட்டுமல்ல, அதற்கு மேலும் கொஞ்சம் அந்த முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. வாசலுக்குப் போய்க் கூடைக்கு மேலிருந்த ஈரச்சாக்கை விலக்கிப் பார்த்தாள்.

"என்ன வச்சிருக்க?"

"சாளை இருக்கு. ஒரு சீலாவும் கெடக்கு. அது பெரிய வீட்டுக்குன்னு எடுத்து வச்சது."

"சீலாவ எடுத்து வை. எங்க வீட்டுப் பொருள் சும்மா போகாது. சாளைக்கும் போகாது."

"அடேயப்பா" என்றாள் மிக்கேலம்மாள். ஆனால் சீலாவை எடுத்து வைத்தாள்.

கிரேனாப் உள்ளே வந்து, நடுவில் நின்று, உபதேசியார் மேசைமேல் நிற்பதுபோல நிமிர்ந்து, "தூக்குச்சட்டி, ஒரு தரம்" என்றாள். எல்லோரையும் பார்த்தாள். "ரெண்டு தரம்." பாக்கியநாதனின் முகத்தில் வந்து நிறுத்தி, அவசரப்படாமல், அவர் விரும்பினால் கேட்டுக்கொள்ளட்டும் என்று நேரம் கொடுத்தாள். அவர் விரல் கைத்தடியின் மேலேயே இருந்தது. "மூணு தரம்."

உடனே தரையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. வீட்டை ஒப்படைப்பதற்கு முன்னால் குழியை அடைத்தாக வேண்டும், அரை மூட்டை சிமெண்ட் போதும் என்றார் கொத்தனார். அடைக்கவே கூடாது, வருகிறவர்களுக்கு அது இருப்பதுதான் பெருமை என்றான் சேர்மத்துரை. வீட்டின் சாய்வை என்ன செய்வது என்று பிரின்ஸ் வாத்தியார் கேட்க, ஜெயசீலி தன் வீட்டுச் சாய்வைப் பற்றிச் சொல்லத் தொடங்க, பாக்கியநாதன் டிரைவரைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தார். கிரேனாப் சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியைத் தூக்கி வந்து, குனிந்து, சட்டியின் மூடியைத் திறந்து, கழுத்து வரைக்கும் உப்பைக் கொட்டி, மூடியை அழுத்தி மூடினாள்.

மிக்கேலம்மாள் பிடியில் விரலைக் கோத்து எடுத்தாள். வேண்டிக் கேட்டவள் கைக்குச் சட்டி தரையை விட்டு எழும்பி வந்தது. அடியில் ஒட்டியிருந்த சிமெண்ட் பொடியைத் தொடையில் தட்டிவிட்டு, வாசலுக்கு வந்து, கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். படியில் இறங்கும்போது தூக்குச்சட்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.